இஸ்தான்புல்லில் ஒரு இங்கிலீஷ் கோயில்

வெள்ளிக்கிழமை

கராக்கோய் படகுத்துறையிலிருந்து பெயோலு மேட்டுக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று செங்குத்தான படிகள். இன்னொன்று 1875-ல் திறந்த டியூனெல். சுரங்கத்துக்குள் கம்பிக்கயிறு இழுத்துக்கொண்டு போகும் குட்டி ரயில் அது. உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் மேலே வந்துவிடும். அண்ணனின் முழங்காலை முன்னிட்டு ரயிலில் ஏறினோம்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு முதலில் கோயில், அடுத்து கல்லறைத் தோட்டம், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. வழக்கப்படி கோயில் என்றால் ஆலயம் என்று படித்துக்கொள்ளவும். ஆயா சோஃபியாவைப் பற்றியும் நீல மசூதியைப் பற்றியும் தமிழில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. நாங்கள் தேடி வந்தது, இந்த ஊரில் பிழைக்க வந்த இங்கிலீஷ்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஆலயத்தை.

அந்தக் கதை துவங்குவது வியாபாரத்தில். 1581-ல் முதலாம் எலிசபெத் ராணி, துருக்கியோடு வணிகம் செய்யச் சில லண்டன் வியாபாரிகளுக்குத் தனியுரிமை கொடுத்தார். பின்னாளில் லெவண்ட் கம்பெனி என்று பெயர் பெற்றது அதுதான். நம் ஊருக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மூத்தது. 1583-ல் வில்லியம் ஹார்போர்ன் முதல் இங்கிலீஷ் தூதராக இங்கே வந்து இறங்கினார். தூதர் ராணியின் ஆள், சம்பளம் கம்பெனியினுடையது. குருவானவருக்கும் அப்படித்தான். கம்பெனி வேலைக்கு வர விரும்பும் குருவானவர், லண்டனில் வியாபாரிகள் முன்னிலையில் ஒரு பிரசங்கம் செய்து காட்ட வேண்டும். பிடித்திருந்தால் கப்பலேற்றி அனுப்புவார்கள்.

"அப்போதே டெமோ கிளாஸ் இருந்திருக்கிறது" என்றார் அண்ணன். தலைமையாசிரியர் புத்தி.

அப்படி வந்தவர்களில் ஜான் கோவெல் என்பவரை எனக்குப் பிடிக்கும். 1670 முதல் 1676 வரை இங்கே குருவானவராக இருந்தார். மந்தையை மேய்த்தது போக மீதி நேரத்தில் ஊரைப் பார்த்தார். செடி கொடிகள், கிரேக்கச் சபையின் சடங்குகள், எதிர்னே நகரில் சுல்தான் வீட்டு விருத்தசேதன விழா என்று பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிறகு கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரிக்குத் தலைவரானார். இன்னொரு குருவானவர் எட்வர்ட் போகாக். முதலில் அலெப்போவிலும் பிறகு இங்கேயும் இருந்து, ஊருக்குத் திரும்பியபோது அவர் கொண்டுபோனது அரபுச் சுவடிகளை. மதம் மாற்ற இவர்கள் யாரும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மூரில் வெள்ளைக்காரக் குருவானவர் என்றால் நினைவுக்கு வருவது மிஷனரி. இங்கே அவர் வியாபாரிகளுக்கு ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் நடத்திவைக்கும் கம்பெனி ஊழியர், அவ்வளவுதான்.

தனிக் கோயில் கிடையாது. ஆராதனை தூதரின் மாளிகைக்குள்ளேயே நடந்தது. அந்த மாளிகையின் வழித்தோன்றலைத்தான் இன்று வெளியிலிருந்து பார்த்தோம். பிரெஞ்சுப் படையை எகிப்திலிருந்து துரத்த உதவியதற்கு நன்றியாக, 1801-ல் மூன்றாம் செலிம் சுல்தான் பேராவில், அதாவது இன்றைய பெயோலுவில், கொடுத்த இடம். முதலில் கட்டிய வீடு 1831-ல் தீக்கிரையானது. இப்போது இருப்பது அதற்குப் பின் எழுந்தது. பிரிட்டிஷ் துணைத் தூதரகம் இதில் இயங்குகிறது. வளாகத்துக்குள் செயின்ட் ஹெலினா என்ற சிற்றாலயம் உண்டு. 2003 நவம்பர் 20 அன்று இதன் வாசலில் லாரியில் குண்டு வைத்ததில் துணைத் தூதர் ரோஜர் ஷார்ட் உட்படப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மதில் உயர்ந்துவிட்டது. வாசலில் அதிகம் நின்றால் காவலர் நம்மை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறார். நாங்களும் நடக்க ஆரம்பித்தோம்.

போகிற வழியில் அண்ணனுக்கு டாலம் கதையைச் சொன்னேன். 1599-ல் எலிசபெத் ராணியின் பரிசாக, கம்பெனியின் செலவில், தானே வாசிக்கும் ஓர் ஆர்கன் இங்கே வந்தது. கடிகாரம் அடிக்கும், பொம்மைகள் எக்காளம் ஊதும், உச்சியில் ஒரு புதரில் பறவைகள் பாடிச் சிறகடிக்கும். அதைச் செய்த தாமஸ் டாலமும் கப்பலில் கூடவே வந்தார். ஆர்கன் தானாக வாசித்து முடித்ததும், யாராவது கையால் வாசிக்க முடியுமா என்று கேட்டார் மூன்றாம் மெகமெது சுல்தான். வாசிக்க உட்கார்ந்தால் சுல்தானுக்கு முதுகைக் காட்ட வேண்டும். அது தலை போகிற குற்றம். டாலம் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்து வாசித்தார், தலையோடு ஊர் திரும்பினார், பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு ஆர்கன் செய்து கொடுத்தார். ஆலயத்தில் ஆர்கன் வாசித்துப் பழகிய அண்ணன் இந்தக் கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

சனிக்கிழமை

ஆசியக் கரைக்குப் படகு. கடற்காகங்களுக்கு சிமித் ரொட்டியைப் பிய்த்துப் போடுவது இங்கே ஒரு வழக்கம்; அண்ணன் பாதி ரொட்டியை அவற்றுக்கும் பாதியைத் தனக்கும் சரியாகப் பிரித்தார்.

ஹைதர்பாஷா கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நாளை பார்க்கப்போகும் கோயில் ஏன் எழுந்தது என்பது இங்கே வந்தால்தான் விளங்கும். கிரிமியப் போர் 1853-ல் ரஷ்யாவுக்கும் உஸ்மானியப் பேரரசுக்கும் இடையே மூண்டது. 1854-ல் பிரிட்டனும் பிரான்சும் சுல்தானின் பக்கம் சேர்ந்தன. சண்டை நடந்தது கருங்கடலுக்கு அப்பால். காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து கிடத்தியது இங்கே, ஸ்கூட்டாரி என்று அன்று அழைத்த உஸ்குதாரில். அதற்காக சுல்தான் கொடுத்த செலிமியே படைமுகாம் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்றும் நிற்கிறது, நான்கு மூலையிலும் கோபுரங்களோடு. இன்றும் ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. உள்ளே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு ஓர் அறை வைத்திருக்கிறார்கள். பார்க்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். எங்களிடம் அது இல்லை.

நைட்டிங்கேல் 1854 நவம்பரில் 38 செவிலியரோடு வந்தார். அவர் விளக்கோடு நடந்த கதை எல்லாப் பள்ளிப் பாடத்திலும் இருக்கிறது. அவர் வந்த பிறகும் பல மாதம் சாவு குறையவில்லை என்பது பாடத்தில் இல்லை. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடையைக் கழுவி, ஜன்னல்களுக்குக் காற்று வரச் செய்த பிறகுதான் கணக்கு இறங்கியது. பிற்பாடு அந்தக் கணக்கை எடுத்துப் படம் போட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவர் நைட்டிங்கேல். விளக்கைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தப் போரில் பிரிட்டன் இழந்த ஏறத்தாழ 21,000 பேரில் 16,000-க்கும் அதிகமானவர்கள் நோயில் போனவர்கள்.

அவர்களில் சுமார் 6,000 பேர் இந்த மண்ணில் இருக்கிறார்கள் என்கிறார்கள். பெரும்பாலும் காலரா. வெட்டிய குழியில் வரிசையாக வைத்து மூடியதால், பெயர்ப்பலகை உள்ள கல்லறை மிகக் குறைவு. புல்வெளி, சைப்ரஸ் மரங்கள், நடுவில் மரோகெட்டி என்ற சிற்பி 1857-ல் செய்த உயரமான சதுரத் தூண், அதன் நான்கு மூலையிலும் சிறகு மடக்கிய தேவதூதர்கள். நைட்டிங்கேலின் பணி தொடங்கி நூறாண்டு ஆனதற்கு 1954-ல் அந்தத் தூணின் பீடத்தில் ஒரு வெண்கலப் பலகை பதித்திருக்கிறார்கள். தூண் கம்பீரமாக இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே கம்பீரமாகப் பட்டது.

இன்னொரு மூலையில், எதிர்பார்க்காத ஒன்று. முதல் உலகப்போர் முடிந்து நேசப்படைகள் இந்த நகரத்தைப் பிடித்து வைத்திருந்தபோது, 1919-லும் 1920-லும் இறந்த இந்தியப் படைவீரர்களுக்கு ஒரு நினைவுக்கல். அவரவர் வழக்கப்படி தகனம் செய்யப்பட்டவர்கள். நூற்றுக்கும் அதிகமானோர். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் அதே குரல். நான் அவசரப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் கலாத்தா கோபுரத்தின் பக்கத்திலிருந்து செர்தார்-இ எக்ரெம் தெருவில் நடந்தோம். துணிக்கடை, காபிக்கடை, பூனை, மறுபடியும் காபிக்கடை. சட்டென்று வீடுகளுக்கு இடையே மதில். அதற்குப் பின்னால் இங்கிலாந்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுபோல் ஒரு கல் கோயில். கூரான வளைவுகள், முட்டுச்சுவர்கள், ஒல்லியான மணிக்கூண்டு. கிறிஸ்து ஆலயம். ஊரார் சொல்வது கிரிமியா கோயில்.

போர் முடிந்த உடனே, 1856 ஏப்ரலில், லண்டனில் ஒரு கூட்டம் போட்டார்கள். இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னமாக கான்ஸ்டான்டினோபிளில் ஓர் ஆலயம் கட்டுவது என்று முடிவு. வேலையை எடுத்துக்கொண்டது சுவிசேஷம் பரப்புவதற்கான இங்கிலீஷ் மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி. இதை நான் சொன்னதும் அண்ணன் நின்றுவிட்டார்.

"நம்ம எஸ்.பி.ஜி.யா?"

நம்முடையதேதான். கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் ஊழியம் செய்ததும் இந்தச் சங்கத்தின் கீழ்தான். அவர் அங்கே தேரிக்காட்டில் கூர்வளைவு ஜன்னல்களோடு கோயில் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், சங்கம் இங்கே போஸ்பரஸ் கரையில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. இடையன்குடி கோயில் 1847-ல் தொடங்கி 1880-ல்தான் முடிந்தது. அதோடு பார்த்தால் இங்கே வேகம் அதிகம். ஆனால் வழி நேராக இல்லை.

வரைபடத்துக்குப் போட்டி வைத்தார்கள். 46 பேர் கலந்துகொண்டார்கள். முதல் பரிசு வில்லியம் பர்ஜஸுக்கு. இரண்டாம் பரிசு ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டுக்கு. பர்ஜஸ் வரைந்தது இத்தாலியச் சாயலில், வண்ணக் கற்களோடு, ஆடம்பரமான கோயில். 1858-ல் பிரிட்டிஷ் தூதராக நெடுங்காலம் இருந்த ஸ்ட்ராட்ஃபர்டு பிரபு வந்து மூலைக்கல்லும் நாட்டினார். அதோடு சரி. பணம் போதவில்லை. பர்ஜஸ் திரும்பத் திரும்பக் குறைத்து வரைந்தும் கைக்கு அடங்கவில்லை. 1863-ல் வேலையை ஸ்ட்ரீட்டிடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்ட்ரீட் 1864-ல் தொடங்கினார். 1868 அக்டோபரில் ஜிப்ரால்டர் பேராயர் வந்து பிரதிஷ்டை செய்தார். ஸ்ட்ரீட்டின் கையில் லண்டன் உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது இதற்குப் பிறகு.

பர்ஜஸுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று கட்டடக்கலை அறிந்தவர்கள் வருந்துவார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. சுற்றிலும் மினார்களும் குவிமாடங்களும் நிறைந்த ஊரில் இன்னொரு ஆடம்பரம் எடுபடாது. ஸ்ட்ரீட் கட்டியது சற்றே முரட்டுத்தனமாக இருக்கிறது. சாவுக்குக் கட்டிய கோயிலுக்கு அது பொருந்துகிறது. மலைச்சரிவில் கட்டியதால் கோயிலுக்கு அடியில் இன்னொரு தளமே கிடைத்துவிட்டது, நிலவறையாக.

இந்த இடத்தைக் கொடுத்தவர் அப்துல்மெஜித் சுல்தான். முஸ்லிம் அல்லாத குடிமக்களுக்குச் சம உரிமை தருவதாக 1856 பிப்ரவரியில் ஆணை பிறப்பித்தவரும் அவரே. தன் பக்கம் நின்று செத்தவர்களுக்கு அவர் காட்டிய நன்றி இது என்று சொல்லலாம். அந்த நன்றிக்கு லண்டனும் பாரிசும் எவ்வளவு நெருக்கடி கொடுத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோயில் முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை, 1861-லேயே இறந்துவிட்டார்.

முதல் குருவானவர் சார்ல்ஸ் ஜார்ஜ் கர்டிஸ் பல பத்தாண்டுகள் இங்கேயே இருந்தார். கோவெலின் ரத்தம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். மேரி வாக்கர் என்ற ஓவியரோடு சேர்ந்து, நகரத்தில் அழிந்துகொண்டிருந்த பைசாந்தியச் சிதிலங்களைத் தேடித்தேடிப் பதிவு செய்தார். கல் உடைத்துச் சுண்ணாம்பாக்கிக்கொண்டிருந்த காலத்தில் அது சாதாரண வேலை அல்ல.

பிறகு என்ன ஆனது? 1923-ல் குடியரசு வந்தது. லோசான் ஒப்பந்தத்தோடு, வெளிநாட்டாருக்கு இருந்த தனிச் சலுகைகள் போயின. 1932-ல் ஒரு நீண்ட தொழில் பட்டியலைத் துருக்கியக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். தலைநகர் அங்காராவுக்குப் போனதால் தூதர்களும் போனார்கள். சலுகையில் வாழ்ந்தவர்கள் சலுகை போனதும் கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை. 1970-களில் ஞாயிறு ஆராதனைக்கு ஆளில்லாமல் இந்தக் கோயிலைப் பூட்டினார்கள். கூரை ஒழுகியது.

1980-களின் கடைசியில் இயன் ஷெர்வுட் என்ற அயர்லாந்துக் குருவானவர் வந்தார். திறந்தே தீருவது என்று நின்றார். 1991-ல் கோயில் மீண்டும் திறந்தது. பழுது பார்த்ததில் கை கொடுத்தவர்கள் இலங்கை அகதிகள். அந்த ஆண்டுகளில் இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஐரோப்பா போகிற வழியில் அகப்பட்ட ஊரில் தங்கியவர்கள் பெரும்பாலும் யார் என்று தமிழில் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஊரிலேயே படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் கண் தானாகச் சுவரிலும் தளத்திலும் அலைந்தது. எந்தக் கல்லைத் துடைத்தார்கள், எந்தக் குப்பையை வாரினார்கள் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. படை அதிகாரிகளுக்குச் சலவைக்கல்லில் பெயர் இருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். அவர், "பெயர் எழுதிவைக்கிற நிலைமையிலா அவர்கள் இருந்தார்கள், தம்பி? பெயரை மறைத்துக்கொண்டு திரிந்த காலம் அது" என்றார். அதுவும் சரிதான். விசா இல்லாதவன் கல்லில் பெயர் வெட்டிக்கொள்ள மாட்டான்.

ஆராதனை முழுக்க முறைப்படி. தூபம், பாட்டு, நற்கருணை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள் சிலர், மாணவர்கள், இரண்டு மூன்று வயதான இங்கிலீஷ்காரர்கள், எங்களைப் போல வழிப்போக்கர்கள். இந்தக் கோயிலைக் கட்டியவர்களின் வாரிசு யார் என்று கேட்டால், எனக்கு அந்த வயதான இங்கிலீஷ்காரர்களைச் சுட்டத் தோன்றவில்லை. பின்வரிசையில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பாடிய நைஜீரிய அம்மாவைத்தான் சுட்டுவேன். குடும்பத்தைப் பிரிந்து, வேலைக்காக, அந்நிய மொழி பேசும் ஊரில் இருப்பவர் அவர்தான். ஹார்போர்னின் வியாபாரிகளும் அப்படித்தான் இருந்தார்கள், கையில் கொஞ்சம் அதிகப் பணத்தோடு.

பீடத்துக்கு முன்னுள்ள மரத் தடுப்பில் மங்கோ மெக்கோஷ் என்ற ஸ்காட்டிஷ் ஓவியர் தீட்டிய படங்கள் இருக்கின்றன. பரிசுத்தவான்கள் இருக்க வேண்டிய இடத்தில் இந்த ஊர்க்காரர்களின் முகங்கள்; வரைந்தபோது பெரும்பாலோர் உயிரோடு இருந்தவர்கள். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "செத்து நூறு வருடமாவது ஆகட்டும்" என்றார். எனக்குப் பிடித்திருந்தது. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்வரை இந்தச் சண்டை ஓடியது.

ஒரு முதியவர், சபையார்போலத் தெரிந்தது, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தென்னிந்தியா, தமிழ் பேசுபவர்கள் என்றோம். "முன்பு இங்கே தமிழ் கேட்டிருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணனுக்கு இன்னொரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். மேற்கொண்டு கேட்பதற்குள் வேறு யாரோ அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை

கடைசியாக மோதா. கதிக்கோய் படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரம். மரங்கள் நிறைந்த தெருக்கள், கடலைப் பார்த்த தேநீர்த் தோட்டங்கள். அன்றைய பணக்கார இங்கிலீஷ்காரர்கள் பேராவின் நெரிசலை விட்டு இங்கே வந்து வீடு கட்டினார்கள். அவர்களில் முதன்மையானவர்கள் விட்டல் குடும்பம். 1809-ல் லிவர்பூலிலிருந்து சார்ல்ட்டன் விட்டல் இஸ்மிருக்கு வந்தார்; பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒரு கிளை இந்த ஊருக்கு வந்தது. மோதாவின் சகல பரிசுத்தவான்கள் ஆலயம் 1878-ல் அவர்கள் முயற்சியில் எழுந்தது. சின்னது, அடக்கமானது. கதவு பூட்டியிருந்தது. வெளியிலிருந்து ஒரு சுற்று வந்தோம், அவ்வளவே.

கிரிமியா கோயில் ஒரு சங்கம் கட்டியது. இது குடும்பம் கட்டியது. அந்த வேறுபாடு அளவிலேயே தெரிகிறது. குடும்பம் பல தலைமுறையாக இங்கேயே பிறந்து, பிரெஞ்சும் கிரேக்கமும் துருக்கியும் கலந்து பேசி, இங்கிலாந்தைக் கண்ணால் பார்க்காமலேயே இங்கிலீஷ்காரர்களாக இருந்தது. இவர்களை வெளிநாட்டில் வாழ்பவர்கள் என்று சொல்வதா, உள்ளூர்க்காரர்கள் என்று சொல்வதா என்று அண்ணன் கேட்டார். மலேயாத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாத நம் சொந்தக்காரர்களை என்னவென்று சொல்வோமோ அதையே சொல்லலாம் என்றேன்.

இந்தப் பகுதிக்கு இன்னொரு பெருமை, கால்பந்து. விளையாட ஆரம்பித்தவர்கள் இங்கேயிருந்த இங்கிலீஷ்காரர்களும் கிரேக்கர்களும். அப்துல்ஹமித் சுல்தானுக்குக் கூட்டம் என்றாலே சந்தேகம். அதனால் துருக்கிய இளைஞர்கள் 1899-ல் கறுப்புக் காலுறை என்ற பொருளில் பெயர் வைத்து ஓர் அணி சேர்த்தபோது முதல் ஆட்டத்தோடு அதைக் கலைத்துவிட்டார்கள். வெளிநாட்டாரைத் தொட முடியாது. 1904-ல் ஜேம்ஸ் லா ஃபோன்டைனும் ஹோரஸ் ஆர்மிட்டேஜும் முன்னின்று லீக் போட்டியையே தொடங்கினார்கள். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில். காலையில் ஆராதனை, மாலையில் மைதானம் என்று அவர்கள் போயிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஓய்வுநாளில் பந்து விளையாடுவதா என்று எந்தக் குருவானவராவது கண்டித்திருப்பார் என்றார் அண்ணன். அவருடைய அப்பா கண்டித்திருப்பார், அது நிச்சயம்.

நான்கு அணிகள்: கதிக்கோய், மோதா, கிரேக்கர்களின் எல்பிஸ், பிரிட்டிஷ் தூதரின் கப்பலான இமோஜீனின் மாலுமிகள். முதல் ஆண்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் ஊரில் வீடு வாசல் எதுவும் இல்லாத அந்த மாலுமிகள்.